சந்தனம் காயாத வண்டி

கருவேலம்பாளையத்துச் சந்தைத் திடலை ஒரு கம்பெனி பார்க்கிங்குக்காகக் குத்தகைக்கு எடுத்துத் தார் போட்டு, மஞ்சள் கோடு கிழித்து, உள்வாசலில் ஒரு கேமராவும் வெளிவாசலில் ஒரு கேமராவும் மாட்டி, அந்தக் கேமரா வண்டியின் நம்பரைப் படித்தால்தான் கேட் கம்பி மேலே எழும் என்று ஏற்பாடு செய்த வருஷம், ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையில், வாடகைக் கார் ஓட்டுகிற நாச்சிமுத்து தன் வீட்டு வாசலில் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்த அதே நேரத்தில், திடலின் வேப்பமரத்தடியில் தன் காருக்குள்ளும் உட்கார்ந்திருந்தான். இது எப்படி நடக்கும் என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. பார்க்கிங் கூட்டமாக இருக்கிறதா, வேப்பமரத்தடியில் வேறு இடம் கிடைக்குமா என்றுதான் கேட்டார்கள்.

நடந்தது இவ்வளவுதான். அந்தத் திடல் கம்பெனிக்குப் போவதற்கு முன்னால் டாக்சி ஸ்டாண்டாக இருந்தது, அதற்கு முன்னால் மாட்டுச் சந்தையாக இருந்தது, அதற்கும் முன்னாலிருந்தே வேப்பமரத்தடியில் ஒரு பிள்ளையார் இருந்தார். கம்பெனிக்காரர்கள் மாட்டுக் கொட்டிலை இடித்தார்கள், டீக்கடையைக் காலி செய்தார்கள், பிள்ளையாரைத் தொடுவதற்கு மட்டும் அவர்களுக்கும் கை வரவில்லை. ஆகவே டிரைவர்கள் வழக்கம்போல அந்த வருஷமும் ஆயுத பூஜைக்கு வண்டிகளை அங்கேதான் கொண்டுவந்தார்கள். கம்பெனியும், வரட்டும், போகும்போது நம்பர் பலகையைத் துடைத்துவிட்டுப் போகட்டும் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே இருந்தது. மற்றவர்கள் பூசினார்கள், கும்பிட்டார்கள், ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் போனார்கள்.

நாச்சிமுத்துவுக்கு எதையும் கொஞ்சமாகச் செய்து பழக்கமில்லை. கோபப்பட்டாலும் அப்படித்தான், கும்பிட்டாலும் அப்படித்தான். இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, முன்னும் பின்னும் பம்பருக்குக் குறுக்கே செவ்வந்தி மாலையைத் தொங்கவிட்டு, கண்ணாடிக்கு விபூதிப் பட்டை போட்டு, அதற்கு மேலும் கை பரபரத்தது அவனுக்கு. அவன் பெண்டாட்டி துளசிமணி காலையிலிருந்து அரைத்துக் கொண்டுவந்திருந்த சந்தனத்தை நம்பர் பலகையில் குழந்தையின் முதுகில் எண்ணெய் தேய்ப்பதுபோல நிதானமாகத் தடவி, நடுவில் குங்குமம் வைத்தாள். அவன் அவளுக்கு முன்னால் குனிந்து நெற்றியைக் காட்டினான்.

“எனக்கும் வெச்சு உடு புள்ள. நானும் ஓடுற வண்டிதான?”

அவள் வைத்தாள். அவன் சிரித்தான். டிரைவர் சங்கத்தில் சண்டை, தம்பியோடு கிணற்றுப் பங்குக்குச் சண்டை, ஏறுகிற சவாரியோடு ஏசி போடுவதில் சண்டை என்று முகம் எப்போதும் கடுகடுவென்றே இருக்கிற மனுசன் அப்படிச் சிரித்து அவள் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. அந்தச் சந்தோஷத்திலேயே அவள் பொரி கடலை வாங்கக் கடைவீதிக்கு நடந்து, அங்கிருந்து மினி பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விட்டாள். அதனால் அவன் திடலைவிட்டு வெளியே வந்ததை அவள் பார்க்கவில்லை.

வெளிவாசலில் கேமரா மாலையைப் பார்த்தது, சந்தனத்தைப் பார்த்தது, நம்பரைப் பார்க்கவில்லை. கம்பி எழவில்லை. வாசல் காவலுக்கு நின்ற மாகாளி ஓடி வந்தார்.

“நம்பர மட்டும் கொஞ்சம் தொடச்சு உட்டுருங்ணா. கேமராவுக்குத் தெரியலீங்க.”

“சாமிக்கு வெச்ச சந்தனத்த வெச்ச கையோட தொடைக்கச் சொல்றியா? அதுக்குக் கண்ணு தெரியலீன்னா கண்ணாசுபத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. எதுக்கு எங்கிட்டச் சொல்ற?”

பின்னால் வரிசை கட்டிய வெளியூர் வண்டிகள் ஹாரன் அடித்தன. மாகாளி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கம்பியைக் கையாலேயே தூக்கிப் பிடித்தார். நாச்சிமுத்து வெளியே வந்து, வீட்டுக்குப் போய், பொரி தின்று, படுத்துத் தூங்கினான். கேமராவின் கணக்கில் அவன் வெளியே வரவில்லை. வராதவன் உள்ளேதானே இருக்க வேண்டும். அவனும் இருந்தான்.

காலையில் போனுக்குத் தகவல் வந்தது. உங்கள் வாகனம் அனுமதித்த நேரத்தைத் தாண்டி நிற்கிறது, அபராதம் விதிக்கப்பட்டுள்ளது, வாகனம் வெளியேறும்வரை அபராதம் தொடரும் என்று இருந்தது. நாச்சிமுத்து அதைத் துளசிமணிக்குப் படித்துக் காட்டி, வாசலில் நிற்கிற காரின் தலையைத் தட்டி, கேலி செய்துவிட்டு, நாலு கேள்வி கேட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பினான். திடலின் உள்வாசலில் கம்பி எழவில்லை. இந்த வாகனம் ஏற்கெனவே உள்ளே உள்ளது என்று சின்னத் திரையில் சிவப்பு எழுத்து ஓடியது. காரை ரோட்டோரம் விட்டுவிட்டு நடந்து உள்ளே போனவன், வேப்பமரத்தடியில் தன் காரைப் பார்த்தான். வாழைக்கன்று வாடவில்லை. செவ்வந்தி ஒரு இதழ் உதிரவில்லை. நம்பர் பலகையில் சந்தனம் ஈரம் காயாமல் மினுங்கியது. உள்ளே, கண்ணாடியைப் பாதி இறக்கி, ஒரு முழங்கையை வெளியே வைத்து, நெற்றியில் துளசிமணி வைத்த பொட்டோடு, அதே சிரிப்போடு அவன் உட்கார்ந்திருந்தான். சட்டையை எவ்வளவு நன்றாக இஸ்திரி போட்டிருக்கிறாள் என்பதுதான் வெளியே நின்ற நாச்சிமுத்துவுக்கு முதலில் தோன்றியது. பிறகுதான் ஆத்திரம் வந்தது.

“எறங்குடா கீழ.”

உள்ளே இருந்தவன் அவனை அன்பாகப் பார்த்து, “செரி, உடுங்க” என்றான்.

கம்பெனியின் ஆபீஸ் திடலின் ஓரத்தில் கண்ணாடி அறையாக இருந்தது. மேனேஜர் ஹேமலதா பொறுமையான பெண். நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, முழுக்கக் கேட்டாள். கேட்டுவிட்டுச் சொன்னாள்:

“எங்க கேமராவுக்கு ரெண்டு விஷயந்தானுங்க தெரியும். உள்ள வந்தது, வெளிய போனது. நீங்க உள்ள வந்ததுக்குப் படம் இருக்குது. வெளிய போனதுக்குப் படம் இல்லீங்களே.”

“வெளிய போகாம எப்படிம்மா உங்க முன்னால உக்காந்திருக்கறேன்? வண்டி ரோட்டுல நிக்குது, வந்து பாருங்க.”

“அது எங்க கேமராவுக்கு எட்டாத எடத்துல நிக்குதுங்க. அதப் பத்தி நாங்க ஒண்ணும் சொல்ல முடியாது. எட்டுற எடத்துல நிக்கறதத்தான் நாங்க சொல்ல முடியும்.” அவள் ஜன்னல் வழியாக வேப்பமரத்தைக் காட்டினாள். “உங்க வண்டிதானுங்களே? உங்க மூஞ்சிதானுங்களே? நீங்களே சொல்லுங்க.”

ஆட்சேபம் இருந்தால் போனிலேயே தெரிவிக்கலாம் என்று அவள் வழியும் காட்டிக் கொடுத்தாள். வண்டி திருட்டுப் போய்விட்டதா, வண்டியை விற்றுவிட்டீர்களா, ஓட்டியவருக்கு உடம்பு சரியில்லாமல் போனதா என்று போன் கேட்டது. வெளியே போய்விட்டேன் என்று சொல்வதற்கு அதில் இடம் இல்லை. கிடைத்த இடத்தில் எல்லாவற்றையும் எழுதி அனுப்பினான். பரிசீலித்தோம், ஏற்பதற்கில்லை என்று பதில் வந்தது, கூடவே ஆதாரமாக ஒரு படமும் வந்தது. உள்வாசலில் நுழையும்போது எடுத்த படம். அதில் பக்கத்தில் துளசிமணி மடியில் சந்தனக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தாள். மறுபடி அனுப்பினான், மறுபடி அதே படம் வந்தது. மாகாளியைப் பிடித்து, நீதானே கம்பியைத் தூக்கினாய், அதைச் சொல் என்றான். மாகாளி அவனை மரத்துக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார்.

“தூக்குனேன்னு சொன்னா என்ற வேல போயிருமுங்ணா. கையில தூக்கக் கூடாதுன்னுதான் கேமராவே வெச்சிருக்கறாங்க. உங்க காலுல வேண்ணாலும் உழுகறேன், என்னக் கேக்காதீங்க.” அவர் உண்மையாகவே குனியப் போனார், நாச்சிமுத்து பயந்துபோய் விலகிக்கொண்டான்.

ஊர் என்ன செய்தது என்றால், முதலில் வேலிக்கு வெளியே நின்று பார்த்தது. பிறகு உள்ளே வந்து பக்கத்தில் நின்று பார்த்தது. பிறகு பார்ப்பதை நிறுத்திவிட்டுப் பேச ஆரம்பித்தது. நாச்சிமுத்துவிடம் பேச வேண்டும் என்று வருஷக்கணக்காக நினைத்து, அவன் வாய்க்குப் பயந்து பேசாமல் இருந்தவர்கள் அந்த ஊரில் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்கள் எல்லாரும் ஒருவர் பின் ஒருவராக வேப்பமரத்தடிக்கு வந்து, பாதி இறங்கிய கண்ணாடிக்குப் பக்கத்தில் குனிந்து, உங்களை அன்றைக்கு அப்படிச் சொல்லிவிட்டேன், நீங்கள் மனசில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று சொன்னார்கள், உள்ளே இருந்தவன் செரி, உடுங்க என்றான், அவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள். சங்கத்தில் இரண்டு கோஷ்டியும் ஒரே சாயங்காலம் வந்தன. செரி, உடுங்க என்றான், இரண்டு கோஷ்டியும் ஒன்றாக டீ குடிக்கப் போயின. புதுசாகக் கார் வாங்கியவர்கள் முதலில் பிள்ளையாருக்கும் அடுத்து அந்த ஜன்னலுக்கும் எலுமிச்சை வைத்தார்கள். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்கள் வீட்டுப் பக்கம் போகாமல் திடலுக்கு வந்து தாம்பாளத்தை நீட்டினார்கள், அவன் இரண்டு கையாலும் வாங்கிப் பக்கத்து சீட்டில் வைத்துக்கொண்டான். பேரன் பேசவில்லை என்றும், மருமகள் மதிக்கவில்லை என்றும், வயிற்றில் கட்டி இருக்கிறதாம் என்றும் வந்து சொன்னவர்கள் உண்டு. அவனிடம் சொன்னதால் எதுவும் தீர்ந்ததாகத் தெரியவில்லை, ஆனாலும் மறுநாளும் வந்தார்கள். கம்பெனியும் அந்த இடத்தைச் சுற்றி ஒரு கயிறு கட்டி, வருகிறவர்கள் வண்டி நிறுத்தப் பக்கத்திலேயே இன்னும் இரண்டு வரிசை கோடு போட்டது. அபராதம் மட்டும் நிற்கவில்லை, அது வீட்டில் இருக்கிறவனுக்கு ஒழுங்காக வந்துகொண்டிருந்தது.

தம்பி சின்னராசுவைக் கடைவீதியில் பார்த்தபோதுதான் விஷயம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று நாச்சிமுத்துவுக்குத் தெரிந்தது. பல வருஷமாக முகம் பார்க்காத தம்பி, எதிரே வந்து தோளில் கை போட்டான்.

“கெணத்துப் பங்கு வெவகாரத்த நல்லபடியா முடிச்சுக் குடுத்துட்டீங்ணா. இத நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்.”

“எப்படா முடிச்சேன்? யாரு முடிச்சா?”

“நீங்கதானுங்ணா. போன வெள்ளிக்கெழம. பாதிப் பங்கு எனக்குத்தான்னு சொன்னேன், செரி, உடுன்னு சொன்னீங்களே. ஊரே நின்னு கேட்டுது.”

அது நான் இல்லை என்று நாச்சிமுத்து கத்தினான். சின்னராசு அவன் தோளிலிருந்து கையை எடுத்தான். கோபப்படவில்லை, இரக்கப்பட்டான்.

“இப்படிக் கத்துவீங்கன்னுதானுங்ணா இத்தன நாளா உங்ககிட்டப் பேசல. அங்க இருக்கறப்ப எப்படி இருக்கறீங்க தெரியுமா?”

இதற்கிடையில் பிழைப்பு போய்க்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரி வாசல், ரயிலடி, கல்யாண மண்டபங்கள் என்று ஊரில் கார் நிறுத்துகிற எல்லா இடத்தையும் அதே கம்பெனிதான் எடுத்திருந்தது. எல்லா வாசலிலும் அதே திரை, அதே சிவப்பு எழுத்து, இந்த வாகனம் ஏற்கெனவே உள்ளே உள்ளது. எந்தக் கேட்டும் எழாத காரில் யார் ஏறுவார்கள். ரோட்டோரம் நின்று சவாரி பிடிக்கப் பார்த்தான், போலீஸ் விரட்டியது. நாச்சிமுத்து வீட்டுக்குள்ளேயே போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். எழுதுவான், அனுப்புவான், படம் வரும், பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி எழுதுவான். சோறு ஆறும். துளசிமணி பேசினால் காதில் விழாது. ஏற்கெனவே முன்கோபி, இப்போது கோபத்தைத் தவிர அவனிடம் வேறு ஒன்றும் மிஞ்சவில்லை.

ஒரு நாள் மத்தியானம் அவள் மூன்றடுக்குத் தூக்குப்போசியில் சோறும் குழம்பும் பொரியலும் போட்டுக்கொண்டிருந்தாள்.

“யாருக்குப் புள்ள?”

“உங்களுக்குத்தான் மாமா.”

“நான் இங்கதான இருக்கறேன்?”

“அவத்த, திடல்ல இருக்கறீங்கள்ல.” அவள் கரண்டியை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். “பூச அன்னிக்கு வெறும் வயித்தோட வந்தீங்க. அன்னிக்கிருந்து ஒரு வாய் சோறு யாரும் குடுக்கல. ஊரெல்லாம் வந்து அவிங்க கஷ்டத்தச் சொல்லிட்டுப் போறாங்க, பசிக்குதான்னு ஒருத்தராச்சும் கேட்டாங்களா?”

“அவன் நானில்ல. எத்தன தடவ சொல்றது? நீயே அவனுக்குச் சோறு கொண்டுபோனா, அப்பறம் அது நான்தான்னு ஆயிராதா? கேஸு என்னத்துக்காகும்?”

“நீங்க இல்லாம வேற யாரு மாமா? நான் வெச்ச பொட்டு இன்னும் காயாம இருக்குதே. அன்னிக்குச் சிரிச்ச சிரிப்பு அப்படியே இருக்குது.” அவள் தூக்குப்போசியின் மூடியை இறுக்கினாள். “இங்க அது எங்க இருக்குதுன்னு நானுந்தான் தேடறேன்.”

அவள் போய்விட்டுப் பொழுதோடு வந்தாள், தூக்குப்போசி காலியாக இருந்தது, கழுவியும் இருந்தது. அங்கே சாப்பிட்டது தன் வயிற்றிலாவது சேருமா என்று நாச்சிமுத்து அன்றைக்குச் சோறு தொடாமல் காத்துப் பார்த்தான். சேரவில்லை. பசிதான் எடுத்தது. அதன் பிறகு அவள் தினமும் போனாள். முதலில் கொடுத்துவிட்டு உடனே வந்தாள், பிறகு அவன் சாப்பிடும்வரை இருந்தாள், பிறகு பக்கத்து சீட்டில் இருந்த கல்யாணப் பத்திரிகைகளை எடுத்துப் பின்னால் வைத்துவிட்டு அங்கே உட்கார்ந்து பேசிவிட்டு வந்தாள். என்ன பேசினாய் என்று நாச்சிமுத்து கேட்கவில்லை. கேட்கத் தெரிந்திருந்தால் இந்தக் கதை இவ்வளவு தூரம் வந்திருக்காது.

கடைசியில் அவனே ஒரு வழி கண்டுபிடித்தான். அந்தக் காலையில் ஹேமலதாவின் ஆபீசில் போய் நின்றபோது அவன் முகத்தில் தெளிவு இருந்தது.

“உங்களுக்கு வேண்டியது வெளிய போற படந்தானம்மா? உள்ள நிக்கற வண்டி கேமரா முன்னால வெளிய போயிட்டா கேஸு முடிஞ்சுதா?”

“அந்த நிமிஷமே முடிஞ்சுதுங்க. பழைய அபராதத்தையும் தள்ளுபடி பண்ணச் சொல்லி நானே எழுதறேன். நல்ல மனுசரு நீங்க, எங்களுக்கும் கஷ்டமாத்தான் இருக்குது.” நல்ல மனுசர் என்றபோது அவள் கண் வேப்பமரத்துப் பக்கம் போனதை அவன் கவனிக்கவில்லை.

வெளியே போடா என்று அவன் சொல்லிப் பார்த்தான், கெஞ்சிப் பார்த்தான். உள்ளே இருந்தவன் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். சங்கத்துக்காரர்கள் தள்ளிப் பார்த்தார்கள், வண்டி அசையவில்லை. நாச்சிமுத்து வீட்டுக்கு வந்து, நெடுநாளைக்குப் பிறகு பெண்டாட்டி பக்கத்தில் உட்கார்ந்தான்.

“உன்ற பேச்ச அவன் கேப்பான். போய்ச் சொல்லு. வெளிய வரச் சொல்லு.”

துளசிமணி சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டாள்.

“வெளிய வந்தா எங்க மாமா போவாரு?”

“எங்கியோ போவட்டும். எனக்கென்ன? அவன் வெளிய போனான்னு ஒரு படம் உழுந்தாப் போதும்.”

“யோசிச்சுத்தான் சொல்றீங்களா?”

“இதுல யோசிக்க என்ன இருக்குது?”

“அப்பறம் என்னைய ஒண்ணும் சொல்லக் கூடாது நீங்க,” என்றாள். அவன் சொல்ல மாட்டேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினான்.

அவள் தலைக்குக் குளித்து, பூஜை அன்றைக்குக் கட்டியிருந்த அதே சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். திடலில் கூட்டம் வழிவிட்டது. முதலில் மாலையை எடுத்துப் பிள்ளையாருக்குப் போட்டாள். வாழைக்கன்றை அவிழ்த்தாள். பிறகு குனிந்து, நம்பர் பலகையில் இருந்த சந்தனத்தை முந்தானையால் முன்னும் பின்னும் துடைத்தாள், துடைத்த முந்தானையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கதவைத் திறந்து பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, “போலாங் மாமா” என்றாள். வண்டி ஒரே சாவியில் கிளம்பியது. மெதுவாக மஞ்சள் கோட்டைத் தாண்டி, வெளிவாசலுக்கு வந்து, கேமரா முன்னால் நின்றது. கம்பி எழுந்தது. மாகாளி சலாம் வைத்தார். வேலியோரம் நின்ற பெண்கள், போய்ட்டு வாங்க, போய்ட்டு வாங்க என்று கையாட்டினார்கள், சிலர் அழுதார்கள்.

நாச்சிமுத்துவின் போனுக்குத் தகவல் வந்தது. உங்கள் வாகனம் வெளியேறியது. நன்றி.

அவன் அதைத் திரும்பத் திரும்பப் படித்தான். படம் வந்திருந்தது, காரின் நம்பர் பளிச்சென்று தெரிந்தது, உள்ளே இரண்டு பேர் இருந்தார்கள். ஜெயித்துவிட்டோம் என்கிற நினைப்பு உடம்பெல்லாம் ஏறியது. நேராக ஆஸ்பத்திரி வாசலுக்குக் காரை ஓட்டினான், கம்பி அவனுக்கு எழுந்தது, திரையில் நல்வரவு என்று பச்சை எழுத்து ஓடியது. குணமாகி ஊருக்குப் போகிற ஒரு குடும்பம் ஏறிக்கொண்டது. ஏசி போடச் சொன்னார்கள், போட்டான். ஜன்னல் பக்கம் உட்கார்ந்த பெரியவர் வழியெல்லாம் பேசினார், நாச்சிமுத்து பதில் சொன்னான். திரும்பி வரும்போது கடைவீதியில் நிறுத்தி அல்வாவும் நெருக்கமாகக் கட்டிய மல்லிகையும் வாங்கினான். இனி சண்டை போடக் கூடாது, துளசியை உட்கார வைத்துச் சாப்பாடு போட வேண்டும், அன்றைக்கு மாதிரி சிரிக்க வேண்டும் என்றெல்லாம் மனசுக்குள் சொல்லிக்கொண்டே வந்தான். அதை அவன் உண்மையாகவே நினைத்தான்.

பொழுது சாயும் நேரம். வீட்டு வாசலில் அவன் கார் நின்றது. அதற்குப் பின்னால் அவன் தன் காரை நிறுத்தினான். சத்தம் கேட்டுத் துளசிமணி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

“வாங்ணா,” என்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து மாமா என்று மட்டுமே கூப்பிட்டவள், கோபத்தில்கூட வேறு சொல் சொல்லாதவள், நிலைப்படியில் நின்று, வீட்டுக்கு வந்த ஆம்பளையைக் கேட்கிற மரியாதையோடு கேட்டாள்: “யாருங்ணா வேணும்? அவரு உள்ள குளிக்கறாரு, கூப்புடட்டுங்களா?”

“துளசி, நான்தான் புள்ள.”

அவள் அவன் முகத்தைத் தேடிப் பார்த்தாள். விளையாட்டு இல்லை, பழி வாங்கல் இல்லை, ஒளிக்கிறதும் இல்லை. எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்று யோசிக்கிற முகம் மட்டும்தான் இருந்தது. அவன் மல்லிகைப் பொட்டலத்தை நீட்டினான். அவள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள், அந்நிய ஆம்பளை நீட்டுகிற பூவை எந்தப் பெண் வாங்குவாள்.

“தப்பா நெனச்சுக்காதீங்ணா,” என்றாள் மெதுவாக. “ரொம்பச் சோர்ந்து இருக்கறீங்க. ஒரு வாய் சாப்புட்டுப் போங்ளேன். சோறு ஆயிருச்சு.”

உள்ளேயிருந்து தோளில் துண்டோடு அவன் வந்தான். நெற்றியில் இருந்த சந்தனம் கழுவியும் போகாமல் ஒரு சுவடு மட்டும் மிச்சமிருந்தது, அது அப்போதுதான் காய்ந்து உதிர ஆரம்பித்திருந்தது. வாசலில் நிற்பவனை அன்போடு பார்த்தான்.

“செரி, உடுங்க,” என்றான்.

நாச்சிமுத்து தம்பியின் வீட்டுக்குப் போனான். அண்ணன் வீட்டில் இருக்கிறார், நீங்கள் யார் என்று சின்னராசு கேட்டான். சங்கத்தில் போய் நின்றான், அவர்களும் அதையே கேட்டார்கள். மறுநாள் காலையில் ஹேமலதாவின் கண்ணாடி அறையில் போய் உட்கார்ந்தான். இந்தத் தடவை அவன் கத்தவில்லை.

“நேத்து வெளிய போனது நானில்லம்மா. அந்தப் படத்த அழிச்சுருங்க.”

“நீங்க கேட்ட படந்தானுங்க அது. வெளிய போனவரு வெளிய போயிட்டாரு, கேஸு முடிஞ்சுது, அபராதமும் தள்ளுபடி ஆயிருச்சு.” அவள் தண்ணீரை அவன் பக்கம் நகர்த்தினாள். “போனது நீங்க இல்லீன்னு நீங்களே சொல்றீங்க. வெளிய போகாதவரு உள்ளதானுங்க இருக்கணும்? வேற எங்க இருக்க முடியும்?”

இத்தனை நாளும் அவன் எழுதி அனுப்பிய எதிலும் அதற்குப் பதில் இருந்ததில்லை.

எழுந்து போய்க் காரை எடுத்துக்கொண்டு உள்வாசலுக்கு வந்தான். நம்பரைக் கேமரா ஒரே பார்வையில் படித்தது, கம்பி எழுந்தது. வேப்பமரத்தடியில் கயிறு அவிழ்ந்து கிடந்தது. பிள்ளையாருக்கு நேரே நிறுத்தி, என்ஜினை அணைத்து, கண்ணாடியைப் பாதி இறக்கி, முழங்கையை வெளியே வைத்தான். யாரும் வரவில்லை. அவர்களுடைய ஆள் வீட்டுக்குப் போய்விட்டான், சொல்ல வேண்டியதை இனி வீட்டிலேயே போய்ச் சொல்வார்கள். மாகாளி மட்டும் வந்து ஜன்னலுக்குப் பக்கத்தில் குனிந்தார். கம்பியைக் கையால் தூக்கியவர் அவர்; இந்த ஊரில் இந்த மனுசன் வெளியே வந்ததைப் பார்த்த ஒரே ஆள் அவர்தான். அவர் கண் கலங்கியிருந்தது.

“என்னால தானுங்ணா. அன்னிக்கே நான் வாயத் தொறந்து சொல்லியிருந்தா...”

“செரி, உடுங்க,” என்றான் நாச்சிமுத்து.

போன் ஒலித்தது, அவன் எடுத்துப் பார்க்கவில்லை. முன்னால் வைத்திருந்த மல்லிகை வெயிலில் பழுத்துக்கொண்டிருந்தது. மத்தியானம் ஆயிற்று, பசி எடுத்தது. தூக்குப்போசியோடு யாராவது வருகிறார்களா என்று வாசலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.